குறுந்தகட்டுப் பூட்டும் வாங்கியோர் படும் பாடும்

மென்பொருள்கள் குறுந்தகடுகளில் விற்கப்பட்ட காலத்தை நினைத்துப் பார்ப்போம். உரிய விலை கொடுத்துத் தகடொன்றை வாங்கி வருகிறோம். உறையில் அச்சிட்ட நீண்ட குறியீட்டைப் பிழையின்றித் தட்டச்சிட்டு நிறுவுகிறோம். பின்னர் அதனைத் திறக்க முயன்றால், 'அசல் தகட்டை இடுக' என்று திரை ஆணையிடுகிறது. அசல் தகடோ உள்ளேதான் சுழன்றுகொண்டிருக்கிறது! அதே மென்பொருளின் திருட்டுப் படியை வைத்திருப்பவர் இத்தொல்லை ஏதுமின்றிப் பணியைத் தொடங்கிவிடுகிறார். பொருள் கொடுத்தவர் வாயிலில் நிற்க, கொடாதவர் உள்ளே செல்லும் இம்முரண் எவ்வாறு நேர்ந்தது? இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெகிழ்வட்டுக் காலம்

தகடுகளுக்கு முன்பே இச்சிக்கல் தோன்றிவிட்டது. 1980களில் மென்பொருள்கள் நெகிழ்வட்டுகளில் வந்தன. இயக்க முறைமையின் படியெடுக்கும் கட்டளை, ஒழுங்காக எழுதப்பட்ட பகுதிகளை மட்டுமே படிக்க வல்லது. ஆகவே நிறுவனங்கள் வட்டின் ஓரிடத்தை வேண்டுமென்றே ஒழுங்கின்றி எழுதின. படியில் அவ்விடம் அமையாது; மென்பொருளும் இயங்காது. அக்காலத்தில் புகழ்பெற்ற லோட்டஸ் 1-2-3 என்னும் கணக்கீட்டு மென்பொருளை வன்வட்டில் நிறுவிய பின்னரும், தொடங்கும்போது அசல் நெகிழ்வட்டைச் செருகிக் காட்ட வேண்டியிருந்தது.

நெகிழ்வட்டோ தூசிக்கும் வெப்பத்திற்கும் காந்தத்திற்கும் அஞ்சும் மெல்லிய பொருள். அது பழுதானால் விலை கொடுத்த மென்பொருளும் அதனுடன் போயிற்று. பூட்டையும் சேர்த்துப் படியெடுக்கும் மென்பொருள்கள் விரைவில் சந்தைக்கு வந்தன. வாங்கியோரின் மனக்குறையும் பெருகவே, 1980களின் இறுதியில் லோட்டஸ் உள்ளிட்ட பல நிறுவனங்கள் இம்முறையைக் கைவிட்டன. பூட்டு நீங்கினும் தொல்லை முற்றும் நீங்கவில்லை. 1995இல் வெளிவந்த விண்டோஸ் 95 இயக்க முறைமையை நெகிழ்வட்டில் வாங்கியோர் பதின்மூன்று வட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக இட வேண்டியிருந்தது. பன்னிரண்டாவது பழுதென்றால் முன்னிட்ட பதினொன்றும் வீணே.

குறையே முத்திரை

1982இல் இசைக்காகச் சந்தைக்கு வந்த குறுந்தகடு, பின்னர் ஏறத்தாழ 650 மெகாபைட் செய்தியைத் தாங்கும் கணிப்பொறிக் கலனாயிற்று. 1990களின் பிற்பகுதியில் தகட்டில் எழுதும் கருவிகள் விலை குறைந்து வீடுகளுக்கும் வரவே, பூட்டும் மீண்டும் வந்தது. 1998இல் அறிமுகமான சேஃப்டிஸ்க் என்னும் முறை இதற்குத் தக்க சான்றாகும்.

அதன் தந்திரம் வியப்பிற்குரியது. அசல் தகட்டின் சில பகுதிகள் படிக்க இயலாதவாறு அமைக்கப்பட்டன. வேறு சில பகுதிகளில், அக்கால எழுதும் கருவிகள் சரிவர எழுத முடியாத வடிவில் செய்தி பதிக்கப்பட்டது. மென்பொருள் தொடங்கும்போது தகட்டில் அக்குறைகள் உள்ளனவா என்று சோதிக்கும். இருந்தால் அசல் என்று கொள்ளும். குறையே முத்திரையாக அமைந்த விந்தை இது. தகட்டில் கீறல் விழுந்தாலோ, படிக்கும் கருவி தேய்ந்தாலோ இச்சோதனை பொய்த்துப்போகும்; அசல் வைத்திருப்பவரும் கள்வராகக் கருதப்படுவார்.

பத்தாயத்துச் சாவி

இயக்க முறைமை இரு அடுக்குகளைக் கொண்டது. நாம் பயன்படுத்தும் மென்பொருள்கள் வெளியடுக்கில் இயங்கும். உள்ளடுக்காகிய கருவகமே நினைவகத்தையும் கருவிகளையும் ஆளும். தகட்டைக் கூர்ந்து சோதிக்க வேண்டிய சேஃப்டிஸ்க், கருவகத்தில் இயங்கும் துணைநிரல் ஒன்றை வைத்திருந்தது. இது, திண்ணையில் அமர வேண்டிய விருந்தினரிடம் பத்தாயத்துச் சாவியைக் கொடுத்ததற்கு ஒப்பாகும்.

விளைவும் அவ்வாறே அமைந்தது. அத்துணைநிரலின் பிழை வழியே ஒருவர் கணிப்பொறியின் முழு ஆட்சியையும் கைப்பற்ற இயலும் என்பது 2007இல் வெளிப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் திருத்தம் வெளியிடப்பட்டது. 2015இல் வந்த விண்டோஸ் 10 அத்துணைநிரலை ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில், முந்தைய சில பதிப்புகளிலும் பாதுகாப்பு கருதி அது முடக்கப்பட்டது. அன்று விலை கொடுத்து வாங்கிய விளையாட்டுத் தகடுகள் பல, இன்றைய கணிப்பொறிகளில் இயங்குவதில்லை. பூட்டு உடைக்கப்பட்ட படிகளுக்கோ இத்தடை இல்லை.

இசைத்தகட்டில் ஒளிந்த நிரல்

2005இல் சோனி பி.எம்.ஜி. நிறுவனத்தின் இசைத்தகடுகள் சிலவற்றில் நிகழ்ந்தது இதனினும் கடுமையானது. அத்தகட்டை விண்டோஸ் கணிப்பொறியில் இட்டு ஒப்பந்தத்திற்கு இசைந்தால், படியெடுப்பைத் தடுக்கும் நிரலொன்று நிறுவப்படும். அது தன்னை மறைத்துக்கொள்ளும். குறிப்பிட்ட குறியீட்டில் தொடங்கும் பெயருடைய கோப்புகள் அனைத்தையும் மறைக்கும். அம்மறைவில் பிறருடைய தீய நிரல்களும் ஒளிந்துகொள்ள இடமேற்பட்டது. அதனைக் கையால் நீக்கினால் தகடு படிக்கும் கருவியே செயலிழக்கும். அவ்வாண்டு அக்டோபர் 31ஆம் நாள் மார்க் ருசினோவிச் என்னும் வல்லுநர் இதனை உலகறியச் செய்தார். கண்டனங்களும் வழக்குகளும் எழ, நவம்பரில் அந்நிறுவனம் தகடுகளைத் திரும்பப் பெற்றது. பாட்டுக் கேட்க விரும்பியவர், தம் வீட்டில் நடப்பதைத் தாமே அறியாதவராக்கப்பட்டார் என்பதே இங்கு நாம் நோக்க வேண்டிய குற்றமாகும்.

அமானிதம் இரு பக்கத்தது

பிறர் உழைப்பில் உருவான மென்பொருளை விலையின்றிப் படியெடுத்து வழங்குவது முறையன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆக்கியோனின் ஊதியத்தைப் பறித்தல் அமானிதத்திற்குச் செய்யும் கேடேயாகும். எனினும் வணிகம் இரு கை ஓசை. விற்ற பொருள் வாங்கியவனுக்குப் பயன்பட வேண்டும் என்பதும், அதிலுள்ள குறையை மறைத்து விற்கலாகாது என்பதும் விற்பவன் மீதுள்ள அமானிதம். அளவையிலும் நிறுவையிலும் நேர்மையை வலியுறுத்தும் மார்க்கத்தைச் சார்ந்த நமக்கு இது புதிய பாடமன்று.

நம் நாட்டுச் சட்டமும் இந்நடுநிலையை நாடுகிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் செய்யப்பட்ட திருத்தம், முறைப்படி பெற்ற கணிப்பொறி நிரலுக்கு இழப்பும் சேதமும் நேராவண்ணம் காப்புப்படி எடுத்துக்கொள்ள இடமளிக்கிறது. உரிமையை மீறும் நோக்குடன் பூட்டை உடைப்பதை 2012ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டிக்கிறது. படியெடுப்போரின் நோக்கத்தைச் சட்டம் பகுத்து நோக்குகிறது; தகட்டிலுள்ள பூட்டிற்கு அப்பகுத்தறிவு இல்லை.

தமிழ் பயில்வோர்க்கு இதில் மற்றுமொரு செய்தி உண்டு. சங்கப் பாடல்களாயினும் உமறுப்புலவரின் சீறாப்புராணமாயினும் அச்சேறும் வரை பிழைத்திருந்தது, ஏடு பெயர்த்தெழுதிய கைகளால்தான். பெயர்த்தெழுதப்படாத ஏடுகள் செல்லுக்கு இரையாயின. இன்று நம் நூலக அலமாரிகளில் உறங்கும் தகடுகளுக்கும் அதே விதி உண்டு. அவற்றிற்குச் சட்டம் இசைந்த காப்புப்படிகளை இப்பொழுதே எடுத்து வைத்தல் வேண்டும். புதியன வாங்கும்போது, 'இதனைப் பத்தாண்டு கழித்தும் திறக்க இயலுமா?' என்று விற்பவரைக் கேட்டறிதல் வேண்டும். காவலுக்கு வைத்த பூட்டு, உரியவனையே வெளியில் நிறுத்துமாயின், அவ்வீட்டில் யாரும் வாழ இயலாது.