இறங்கும்போதுதான் வினை

வெள்ளியங்கிரி மலை ஏறி இறங்கிய அறுபது வயதுக்காரருக்கு அன்றிரவு களைப்பு மட்டும்தான். மறுநாளோ அதற்கடுத்த நாளோதான் வீட்டுப் படி இறங்கவே தொடை மறுக்கும். ஏன் இந்தத் தாமதம்?

பலரும் லாக்டிக் அமிலத்தின் மேல் பழி போடுவார்கள். பாவம், அது சுமார் ஒரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து விலகிவிடும். 1902-லேயே அமெரிக்க உடலியலாளர் தியோடர் ஹஃப், தசைக்குள் நேரும் நுண்கிழிசலைச் சந்தேகித்தார். ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போதோ, கிணற்றில் குடத்தை இறக்குபவர் கயிற்றை விட்டுவிட்டுப் பிடிப்பதுபோல, நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. பழகாத தசையில் இது நுண்ணிழைகளைக் குலைக்கிறது. அதைத் தொடரும் அழற்சி மெல்ல வளர்ந்து வலி நரம்புகளைக் கூச வைக்கிறது. 24 முதல் 72 மணி நேரத்தில் வலி உச்சத்தைத் தொடும். மலையிறங்கும்போது பக்தர்கள் ஊன்றும் மூங்கில் கம்பு, தொடை தாங்கும் எடையில் ஒரு பங்கைக் கைக்கு மாற்றுகிறது.

அதே வேலையைச் சில வாரங்களுக்குள் மறுபடி செய்தால் வலி வெகுவாகக் குறையும். எனவே முதல் தடவை கொஞ்சமாகச் செய்வதே கெட்டிக்காரத்தனம். வயதானால் தசை தேற நாளாகலாம், தேறாமல் போகாது. 1990-ல் வெளியான பாஸ்டன் ஆய்வொன்றில், தொண்ணூறை ஒட்டிய முதியவர்கள் எட்டு வார எடைப்பயிற்சியில் கால் வலுவை இரண்டரை மடங்குக்கு மேல் கூட்டினார்கள்.

கடும் வலியோடு சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் மட்டும் தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.