சாமுவேல் இன்சலும் மின்வலு வாணிபமும்

மின்விளக்கை ஆக்கியவர் யாரென வினவின், எடிசன் எனச் சிறாரும் விடையிறுப்பர். அவ்விளக்கு செல்வர் மாளிகையினின்று சாமானியர் இல்லத்துக்கு வந்த வரலாற்றை அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றில் முதன்மையான இடம் சாமுவேல் இன்சலுக்கு உரியது. அவர் விஞ்ஞானியுமல்லர், பொறியியல் கற்றவருமல்லர்.

1859 ஆம் ஆண்டு இலண்டனிற் பிறந்த இன்சல், சுருக்கெழுத்து வல்ல எழுதுவினைஞராகத் தொழில் தொடங்கினார். எடிசனுடைய இலண்டன் முகவரிடம் பணிபுரிந்தபின், 1881 இல் எடிசனின் அந்தரங்கச் செயலாளராக அமெரிக்கா சென்றார். 1892 இல் எடிசனின் கம்பனி பிறிதொன்றோடு இணைந்து ஜெனரல் எலெக்றிக் ஆயிற்று. அங்குத் தமக்கிருந்த உயர்பதவியைத் துறந்து, மிகக் குறைந்த சம்பளத்தில், சிறியதாயிருந்த சிக்காகோ எடிசன் கம்பனியின் தலைமையை அவர் ஏற்றார்.

ஆங்கு அவர் எதிர்கொண்ட இடர்ப்பாடு யாது? மின்சாரம் நெல்லைப்போலக் களஞ்சியத்திற் குவித்து வைக்கக்கூடிய பொருளன்று. வேண்டப்படும் கணத்திலேயே பிறப்பிக்கப்படல் வேண்டும். மாலையில் நகரத்தார் யாவரும் விளக்கேற்றும் ஓரிரு மணி நேரத்துக்குப் போதுமான யந்திரங்களை நிறுவியே ஆகவேண்டும். ஏனைய வேளைகளில் யந்திரங்கள் வாளா கிடப்பினும், அவற்றுக்காகப் பெற்ற கடனின் வட்டி வாளா கிடப்பதில்லை.

1894 இல் இங்கிலாந்தின் பிறைற்றன் நகரில் ஆதர் றைற் என்பார் அமைத்த மானியை இன்சல் கண்டார். நுகர்ந்த மொத்த அளவையன்றி, ஒரே வேளையிற் பெற்ற உச்ச அளவையும் அறிய அது உதவிற்று. இதனைக் கொண்டு கட்டணத்தை அவர் இரு கூறாக்கினார். உச்ச அளவுக்கேற்ப யந்திரச் செலவு ஒரு கூறு. அதற்குமேல் நெடுநேரம் நுகர்வோர்க்கு மிகமலிந்த விலை மற்றொரு கூறு. காலையும் மாலையும் ஓடும் டிராம் வண்டிகள், பகலில் இயங்கும் தொழிற்சாலைகள், கோடையிற் பனிக்கட்டி செய்வோர் ஆகியோரை அவர் நாடிச் சென்றார். ஒருவர் ஓயும் வேளையில் மற்றொருவர் நுகர, அதே யந்திரம் பலர்க்கும் உழைத்தது. விலை மேலும் வீழ்ந்தது.

1903 இல் பிஸ்க் வீதி நிலையத்தில் 5,000 கிலோவாற்று நீராவிச் சுழலியொன்று இயங்கலாயிற்று. அத்துணைப் பெரியதனை ஆக்க ஜெனரல் எலெக்றிக் தயங்கியபோது, நட்ட அபாயத்தைப் பகிர இன்சல் உடன்பட்டார். முதன்முறை இயக்கியபோது, வெடிக்கக்கூடுமென அஞ்சிய பொறியியலாளர் பிரடரிக் சார்ஜன்ற் அவரை வெளியேறுமாறு வேண்டினார், அவர் மறுத்துவிட்டார். அது துணிவோ நாடகமோ, சுழலி வெடிக்கவில்லை.

யந்திரங்களை இத்துணை நுட்பமாகக் கணித்தவர் பணத்தை அவ்வாறு கணித்திலர். ஒரு கம்பனியின் பங்குகளை மற்றொன்று வைத்திருக்க, அதன்மேல் இன்னொன்றாகக் கம்பனிகளை அவர் அடுக்கினார். இவ்வமைப்பில் அடித்தளத்து இலாபம் சிறிது குன்றினும் உச்சியிலுள்ளது முற்றும் அழியும். 1929 இன் பங்குச்சந்தை வீழ்ச்சியைத் தொடர்ந்து, 1932 இல் மேலடுக்குகள் சரிந்தன. அடியில் மின்சாரம் வழங்கிய சிக்காகோக் கம்பனி நிலைத்தது. ஆயின் இன்சலின் பெயரை நம்பிப் பங்கு வாங்கிய எளியோர் பலர் சேமிப்பை இழந்தனர்.

இன்சல் கிரேக்க நாட்டுக்குச் சென்றார். 1934 இல் மீட்டுக் கொணரப்பட்டு, மோசடி வழக்கில் குற்றவாளியல்லர் எனத் தீர்ப்புப் பெற்றார். நீதிமன்றம் விடுவித்தபோதும் நட்டமுற்றோர் மன்னித்தனரோ என்பது வேறு. இத்தகைய அடுக்குக் கம்பனிகளைக் கட்டுப்படுத்த 1935 இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் 2005 இலேயே நீக்கப்பட்டது. இன்சல் 1938 யூலை 16 ஆந் திகதி, பாரிசின் சுரங்கப் புகையிரத நிலையமொன்றில் மாரடைப்பால் வீழ்ந்து இறந்தார்.