ஓடினால் மறதி வராதா?

மாவட்ட மூத்தோர் தடகளப் போட்டிக்குப் பெயர் கொடுக்க இந்த வாரத்தோடு கெடு முடிகிறது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: “ஓடினால் மறதி நோய் அண்டாது என்று பேனர் வைத்திருக்கிறார்களே, 72 வயது அப்பாவை ஓடவிடலாமா?” தாராளமாக ஓடட்டும். பேனரை மட்டும் நம்பாதீர்கள்.

லண்டனில் அரசு ஊழியர்கள் 10,000 பேருக்கு மேல் ஓர் ஆய்வில் சேர்த்து, சுமார் 28 ஆண்டுகள் கவனித்து வந்தார்கள். முடிவு 2017இல் வெளியானது. நடுவயதில் அதிகம் உடற்பயிற்சி செய்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் குறைவாக வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் நோய் கண்டவர்களின் நடமாட்டம், மருத்துவர் அதை உறுதி செய்வதற்கு 9 ஆண்டுகள் முன்பிருந்தே குறையத் தொடங்கியிருந்தது. மூளையில் நோய் சத்தமில்லாமல் வேலையைத் தொடங்கியதும் ஆள் முடங்குகிறார். விடிந்ததும் வரப்பில் ஒரு சுற்று போய்வந்த பெரியவர் திண்ணையோடு நின்றுவிடுகிறார். மோட்டாரை நிறுத்தினோமா என்பதே அவருக்கு நினைவில்லை. “வயசாயிடுச்சு” என்கிறது வீடு. எழுபது வயதுக்காரர்களை நாலைந்து ஆண்டு மட்டும் பார்க்கும் ஆய்வு, உட்கார்ந்ததால் மறந்தார் என்று எழுதிவிடும். நடந்தது தலைகீழாகவும் இருக்கலாம். 80 வயதில் மைதானத்துக்கு வருபவரும் நோய் முடக்காததால் வந்தவராக இருக்கலாம். முடங்கியவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

இது வெறும் புள்ளிவிவரத் தகராறு அல்ல. “நடக்கச் சொன்னேன், கேட்கல” என்று நோயாளியையே குற்றவாளியாக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சுக்கு இந்த பேனர்கள்தான் தைரியம் கொடுக்கின்றன.

அதற்காக ஓட்டமே வீண் என்றாகாது. 2011இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 120 முதியவர்களில் பாதிப் பேர் ஓராண்டு வேகமாக நடந்தார்கள். நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகேம்பஸ் பகுதி அவர்களுக்குச் சுமார் 2% வளர்ந்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியது. கால் வலு, விழாமல் நிற்கும் திறன் ஆகியவற்றில் பயிற்சியின் பலன் பற்றிச் சந்தேகமே வேண்டாம்.

இனி மற்ற கேள்விகள். வயல் வேலை போதாதா? கணக்கில் சேரும். ஆனாலும் 65 வயதுக்கு மேல் வலுவுக்கும் சமநிலைக்கும் வாரம் 3 நாளாவது தனிப் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இனிமேல் தொடங்கலாமா? பண்ணையில் வளர்ந்த கனடாவின் ஓல்கா கொட்டெல்கோ தடகளத்துக்கு வந்ததே 77 வயதில்.

ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும்தான் இருக்கிறது? வயதுக்குச் சான்றாகப் பள்ளிச் சான்றிதழ் இருந்தால் எடுத்து வையுங்கள். பஞ்சாப் கிராமத்தில் பிறந்த ஃபௌஜா சிங், 2011இல் 100 வயதுக்காரராக டொராண்டோ மாரத்தானை ஓடி முடித்தும், பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் ஏற்கவில்லை.

நெஞ்சுவலி, தலைசுற்றல் உண்டா? முதலில் மருத்துவர், பிறகு விண்ணப்பம்.

நன்றாக நடந்த அம்மா வெளியே போவதையே விட்டுவிட்டார்? திட்டாதீர்கள். மூட்டு, மனச்சோர்வு, நினைவு மூன்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.