குருதிவழி வரும் பகை

செருமனி நாட்டின் பிரெமன் நகரில், 1883ஆம் ஆண்டில், கப்பல் கட்டும் தொழிலாளர் 1,289 பேருக்கு அம்மைப்பால் குத்தப்பெற்றது. சில திங்கள் கழிந்தபின் அவர்களுள் 191 பேர் காமாலையுற்றனர். அதே தொழிற்சாலையில் வேறு அம்மைப்பால் குத்திக்கொண்டோரும், பின்னர் வேலைக்கு வந்து சேர்ந்தோரும் நலமாயிருந்தனர். முன்னவர்க்குக் குத்திய பாலில் மனிதருடைய நிணநீர் கலந்திருந்தது. லூர்மன் என்னும் மருத்துவர் இதனை 1885இல் எழுதி வெளியிட்டார். உலகம் அதனைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. 1942இல் அமெரிக்கப் படைவீரர்க்கு இட்ட மஞ்சட்சுரத் தடுப்பூசியிலும் மனிதக் குருதிநீர் சேர்ந்திருந்தது. ஏறத்தாழ ஐம்பதினாயிரம் வீரர் காமாலையால் மருத்துவமனை புகுந்தனர். காக்க வந்த ஊசியே நோயைச் சுமந்து வந்த கொடுமையை என்னென்பது!

அந்நோயே ஹெப்படைட்டிஸ் பி என இன்று வழங்கப்படுவது. அதன் நச்சுயிரைக் காட்டிக் கொடுத்த பாரூக் பிளம்பெர்க் என்னும் அமெரிக்க அறிஞர் அதனைத் தேடிப் புறப்பட்டவரல்லர். மக்களினந்தோறும் குருதி எவ்வாறு வேறுபடுகின்றது என்று ஆராய்ந்தவர், ஆசுதிரேலியப் பழங்குடியினர் ஒருவரது குருதியில் புதியதொரு புரதத்தைக் கண்டு 1965இல் வெளியிட்டார். அது நச்சுயிரின் மேலுறை என்பது பின்னரே தெளிவாயிற்று. 1976இல் அவர் நோபெல் பரிசு பெற்றார்.

இந்நச்சுயிர் குருதியாலும் பிற உடல்நீர்களாலும் பரவும். உடனிருந்து உண்பதாலோ, கைதொடுவதாலோ பரவாது. ஆதலின் நோயாளரை ஒதுக்கிவைத்தல் அறியாமையே ஆகும். எனினும், உலர்ந்த குருதித் துளியிலும் இது ஏழு நாள் வரை வலி குன்றாது நிற்கும். மருத்துவரும் செவிலியரும் குருதி ஆய்வோரும் இதனால் இடருக்கு உட்பட்டவர்கள். துப்புரவுத் தொழிலாளரை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். கழிவுக் கூடையில் கைவைப்பவர் அவரன்றோ? தடுப்பூசி பெறாத நூற்றுவர் நச்சுயிர் தோய்ந்த ஊசியால் குத்துண்டால், ஆறு முதல் முப்பதின்மர் வரை நோய்த்தொற்று எய்துவர்.

வளர்ந்தோரிற் பெரும்பாலோர் உடல் இப்பகையை வென்றுவிடும். பிறக்கும்போதே தாயிடமிருந்து பெறும் குழவியின் நிலை வேறு. அத்தகைய குழவிகள் நூற்றில் தொண்ணூறு வரை, வாழ்நாள் முழுதும் நோயைச் சுமக்கும். வலியுமில்லை, வாட்டமுமில்லை. பல்லாண்டுகள் கழித்துக் கல்லீரல் சுருங்கியோ, புற்று வைத்தோ நோய் வெளிப்படும்.

முதல் தடுப்பூசி 1981இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது நோயைச் சுமப்போர் குருதியினின்றே பிரித்துத் தூய்மை செய்யப்பட்டது. 1986 முதல், ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரைக் கொண்டு மேலுறைப் புரதம் மட்டும் ஆக்கப்படுகின்றது. உயிருள்ள நச்சுயிர் அதில் இன்மையால், ஊசியால் அந்நோய் வருமென்று அஞ்ச வேண்டுவதில்லை. வளர்ந்தோர்க்கு, முதல் ஊசிக்கு ஒரு திங்களிலும் ஆறு திங்களிலும் மற்றை இரண்டும் இடுவது வழக்கம். ஒன்றோடு நிறுத்தியவர் நிலையான காப்புப் பெற்றவராகார்.

தைவான் நாடு 1984இல் நோயுடைய தாய்மாரின் குழவிகட்கும், ஈராண்டில் எல்லாக் குழவிகட்கும் இதனை இடத் தொடங்கியது. அங்குச் சிறுவரிடையே கல்லீரற்புற்று வெகுவாகக் குறைந்தது. நம் நாட்டிலும் குழவி பிறந்த இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் முதல் ஊசி அரசு மருத்துவமனைகளில் விலையின்றி இடப்பெறுகின்றது.