யானையை வாங்கலாம், தீனிக்கு என்ன செய்வது?

டில்லியில் மலிவாகக் கிடைக்கும் பழைய சொகுசுக் கார்கள்

(நமது நிருபர்)

கரோல்பாக் பக்கம் மாலை வேளையில் கடைக்குப் போகும் நம்மவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். பழைய கார் வியாபாரிகளின் கடை வாசலில் பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ், ஆடி என்று ஜெர்மன் கார்கள் வரிசையாக நிற்கின்றன. புதிதாக வாங்கியபோது அரைக் கோடி ரூபாய்க்கு மேல் விலை போனவை. இன்று ஒரு புதிய சிறிய கார் வாங்கும் பணத்துக்கே கிடைக்கின்றன. பத்து வருஷம் ஆகியும் பளபளப்புக் குறையவில்லை. கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டியை மூடியது போன்ற கனமான சத்தம்.

"இத்தனை வருஷம் பஸ்ஸில் இடிபட்டாகிவிட்டது. ரிடையராகி ஊருக்குப் போகும்போதாவது நல்ல காரில் போய் இறங்கலாமே!" என்று ஆசைப்படுகிறவர்கள் உண்டு. நியாயமான ஆசைதான். ஆனால் கிராஜுவிட்டிப் பணத்தை எடுத்து நீட்டுமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

மலிவுக்குக் காரணம்

முதல் காரணம் சட்டம். டில்லி வட்டாரத்தில் 10 வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டது. பெட்ரோல் வண்டிக்கு 15 வருஷம். சுப்ரீம் கோர்ட்டு 2018 அக்டோபரில் இதற்கு ஆதரவாக ஆணையிட்டது. பின்னர் 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணம் காட்டி வண்டிக்காரர்கள் மீது நடவடிக்கை வேண்டாம் என்றது. அதே வருஷம் டிசம்பரில், பி.எஸ்.4 மற்றும் அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே அந்தச் சலுகை என்று திருத்தியது. விதி இப்படி மாறிக்கொண்டிருப்பதால், விற்பவர்கள் அவசரப்படுகிறார்கள்.

இரண்டாவது காரணத்தை வியாபாரி சொல்லமாட்டார். காரின் விலைதான் இறங்குகிறது. உதிரி பாகங்களின் விலை இறங்குவதில்லை. 9 லட்ச ரூபாய்க்கு வாங்கினாலும், பழுதானால் அரைக் கோடி ரூபாய்க் காரின் பாகத்தைத்தான் வாங்கிப் போட வேண்டும்.

நண்பரின் கணக்கு

நமக்குத் தெரிந்த ஒருவர், மத்திய சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், இப்படி ஒரு ஆறு சிலிண்டர் டீசல் காரை 9 லட்ச ரூபாய்க்கு வாங்கினார். ஒரு வருஷச் செலவை நோட்டில் எழுதி வைத்திருந்தார். முன் பக்கத்துக் காற்று ஸ்பிரிங்குகளும் கம்ப்ரஸரும் ரூ. 1,85,000. நான்கு டயர்கள் ரூ. 1,10,000. பிரேக் டிஸ்க்கும் பேடும் ரூ. 62,000. கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய வேலை ரூ. 45,000. இன்ஷூரன்ஸ் ரூ. 38,000. ஆக ரூ. 4,40,000.

மனம் வெறுத்து விற்கப் போனபோது கிடைத்தது நாலரை லட்சம். அந்த வருஷம் வண்டி ஓடியது 7,000 கிலோ மீட்டர். நஷ்டம் ரூ. 8,90,000. அதாவது, டீசல் செலவு நீங்கலாகவே, கிலோ மீட்டருக்கு ரூ. 127. "டாக்சியில் போயிருந்தால் மகளுக்கு நகை வாங்கியிருக்கலாம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனாலும் முகம் வாடியிருந்தது.

எங்கே பழுது வருகிறது?

இக்கார்கள் மட்டமானவை அல்ல. என்ஜின் பலமும் பாதுகாப்பும் முதல் தரம். வயதானதும் தளர்வது ரப்பரும் பிளாஸ்டிக்கும் மின்சார உறுப்புகளும்தான். மீட்டரில் கிலோ மீட்டர் குறைவாக இருப்பதால் மட்டும் இவை தப்பிவிடுவதில்லை. சும்மா நின்றாலும் டில்லி வெயிலில் ரப்பர் வெடிக்கும்.

சில உயர்தரக் கார்களில் இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர்ப் பைகள் இருக்கின்றன. பையில் கசிவு கண்டால் இரவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். காற்றை ஈடுகட்ட ஓயாமல் ஓடி கம்ப்ரஸரும் தீய்ந்துபோகும். ஒரு செலவு இரண்டாகும்.

கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுவதும் போதும் என்று சிலர் சொல்வார்கள். பி.எம்.டபிள்யூ., ஆடி முதலிய கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். கம்பெனியோ 80,000 முதல் 1,20,000 கிலோ மீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. பி.எம்.டபிள்யூ.வின் சில டீசல் என்ஜின்களில் டைமிங் செயின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயின் தேய்ந்தால் அதை மாற்ற கியர்பாக்ஸையோ என்ஜினையோ இறக்கியாக வேண்டும்.

வேகம் கூடக் கூடச் செலவும் கூடும். 2005-இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. எம்5 காருக்கு 10 சிலிண்டர், 5 லிட்டர் என்ஜின், 507 குதிரைச் சக்தி. பந்தயக் கார் போலப் பாயும். அதன் கனெக்டிங் ராடு பேரிங்குகள் சீக்கிரம் தேய்வதும், கியர் மாற்றும் ஹைட்ராலிக் பம்பு பழுதாவதும் உலகமறிந்த விஷயங்கள். விவரம் தெரிந்தவர்கள் பேரிங்குகளைத் தேயுமுன்பே மாற்றிவிடுகிறார்கள். தேய்ந்து உடைந்தால் என்ஜினே போய்விடும்.

டீசல் கணக்கையும் பார்ப்போம். நகர நெரிசலில் லிட்டருக்கு 8 கிலோ மீட்டர் ஓடினால், மாதம் 1,000 கிலோ மீட்டருக்கு 125 லிட்டர் வேண்டும். 16 கிலோ மீட்டர் தரும் சிறிய காருக்கு அதில் பாதி போதும்.

இன்ஷூரன்ஸ் காப்பாற்றுமா?

ஓரளவுக்குத்தான். சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் டயர், பாட்டரிக்கும் பாதிப் பணம் கழிக்கப்படும். 10 வருஷம் தாண்டிய வண்டியானால் இரும்புப் பாகங்களுக்கும் பாதி கழிவு. தேய்மானமும் இயற்கைப் பழுதும் பாலிசியில் சேராது. மழை நாளில் மின்டோ பாலத்தின் அடியில் தேங்கும் தண்ணீர் என்ஜினுக்குள் புகுந்தால், தனி என்ஜின் பாதுகாப்பு எடுக்காதவருக்குப் பெரும்பாலும் பைசா கிடைக்காது. பழைய வண்டிக்கு அந்தப் பாதுகாப்பைத் தருகிற கம்பெனிகள் குறைவு.

ஊருக்குக் கொண்டுபோவதானால்

டில்லிப் போக்குவரத்துத் துறையிடம் 28-ஆம் நம்பர் படிவத்தில் தடையில்லாச் சான்று பெற வேண்டும். பழைய கடன் இருந்தால் அது தீர்ந்ததற்கு 35-ஆம் நம்பர் படிவம் வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புது நம்பர் வாங்கியாக வேண்டும். தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கு ஏற்ப ஆயுள் வரியும் கட்ட வேண்டும். வியாபாரி சொல்லும் விலையோடு இதையும் கூட்டிப் பாருங்கள். பதிவு உயிரோடு இருக்கிறதா என்பதை முன்பணம் கொடுக்குமுன்பே சரி பாருங்கள்.

வாங்கியே தீருவோம் என்பவர்களுக்கு

காலையில், என்ஜின் சூடேறுமுன் போய்ப் பாருங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டி நான்கு பக்கமும் சம உயரத்தில் இருக்கிறதா என்று கவனியுங்கள். வியாபாரிக்கு வேண்டப்படாத ஒரு மெக்கானிக்கை அழைத்துச் சென்று, வண்டியை லிப்டில் ஏற்றி, கம்ப்யூட்டர் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சர்வீஸ் ரசீதுகள் இல்லாத வண்டியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

ஜெர்மன் கார்களில் கை பழகிய மெக்கானிக் ஒருவரின் யோசனை இது: "வாங்கும் விலையில் பாதியைத் தனியாக பாங்கில் போட்டு வைக்க முடிந்தவர் வாங்கலாம். முடியாதவர் பார்த்து ரசித்துவிட்டு வந்துவிட வேண்டும்."

நமது நண்பர் இப்போது ஊருக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போய் வருகிறார். அந்த நோட்டை மட்டும் தூக்கிப் போடவில்லை. கார் வாங்க யோசனை கேட்டு யார் வந்தாலும் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறார்.