வேப்ப எண்ணெய் அடிச்சா குலைநோய் போயிடுமா?

போன ஐப்பசியில் அஞ்செட்டிக்குப் போயிருந்தேன். சித்தப்பாவோட ராகிக் கொல்லையில் பாதிக் கதிர் வெளுத்து நின்றது. கையில் கசக்கினால் வெறும் பதர். "ரெண்டு தடவ வேப்ப எண்ணெய் அடிச்சேன்ப்பா, கேக்கவே இல்ல" என்றார். வீட்டுச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த ராகி அது.

கதிருக்குக் கீழே கழுத்து கறுத்திருந்ததைப் பார்த்ததும் புரிந்தது, குலைநோய். பைரிகுலேரியா என்ற பூஞ்சையின் வேலை. முதலில் இலையில் கண் வடிவப் புள்ளியாக வரும். பிறகு கணுவுக்கும் கழுத்துக்கும் போகும். கழுத்தைப் பிடித்துவிட்டால் கதிருக்குச் சத்து ஏறாது. அதற்கப்புறம் எதை அடித்தாலும் பதர் மணியாகாது.

அப்போ வேம்பு வேலை செய்யாதா? செய்யும், இடம் பார்த்து. நெல்லில் இலையுறை அழுகலுக்கு 3 சதவீத வேப்ப எண்ணெயைத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைக்கிறது. லிட்டருக்கு 30 மில்லி. சீமைக்கருவேல் இலைச் சாற்றையும் சொல்கிறார்கள். ஆனால் வேம்பின் பேர்போன சரக்கான அசாடிராக்டின் முக்கியமாகப் பூச்சிக்கானது, வெயில் பட்டால் சீக்கிரம் சிதைந்துவிடும். தாவரச் சாறுகள் பெரும்பாலும் நோய் வருமுன் காப்பவை. உள்ளே போன பூஞ்சையை விரட்டும் வலு அவற்றுக்குக் குறைவு.

எனக்கு ஆச்சரியம் தந்தது வேறு. பூஞ்சையை எதிர்க்கும் சரக்கு ராகிக்குள்ளேயே இருக்கிறது! அதன் பழுப்புத் தோலில் பீனால்களும் டானினும் உண்டு. பழுப்பு ராகியில் இவை அதிகம், வெள்ளை ராகியில் குறைவு. வெள்ளை ராகியில் பூஞ்சணம் எளிதாகப் பிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குலைநோய் தாங்கும் ரகங்களின் இலையிலும் பீனால் கூடுதலாக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதாவது, மருந்தைச் செடியே தயாரிக்கிறது. நாம் ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அப்படி ஒரு ரகம் பக்கத்திலேயே இருக்கிறது. பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஜிபியு 28, குலைநோயை நன்றாகத் தாங்கும்.

சித்தப்பாவிடம் இரண்டே விஷயம் சொன்னேன். அடுத்த ஆடியில் பாதிக் கொல்லையிலாவது அந்த விதை போடுங்க. விதைக்குமுன் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்துடுங்க. "அப்போ எண்ணெய்?" என்றார். மிச்சமிருப்பதைக் கத்தரிச்செடிக்கு அடிங்க, பூச்சிக்காவது ஆகும் என்றேன்.