மூளை வளர்ச்சியில் நோயெதிர்ப்பு உயிரணுக்களின் பங்கு

நோயெதிர்ப்பு உயிரணுக்கள் உடலுக்குள் நுழையும் கிருமிகளை அழிப்பவை என்றே பொதுவாக அறியப்படுகின்றன. மூளையில் அவற்றுக்கு வேறொரு பணியும் உண்டு. வளரும் மூளையில் எந்த நரம்பிணைப்பு நிலைக்க வேண்டும், எது நீக்கப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் அவை பங்கேற்கின்றன. இப்பணி பிறழ்ந்தால் ஆட்டிசம், மனச்சிதைவு, மறதி நோய் போன்றவற்றுக்கு அது ஒரு காரணியாகலாம் என்று கருதப்படுவதால், அண்மைக்கால நரம்பியலில் இது முதன்மையான ஆய்வுத்துறையாக வளர்ந்துள்ளது.

மைக்ரோகிளியாவின் தோற்றம்

மூளைக்குள்ளேயே வாழும் முதன்மையான நோயெதிர்ப்பு உயிரணு மைக்ரோகிளியா ஆகும். இதற்கு இப்பெயரைச் சூட்டியவர் எசுப்பானிய அறிவியலாளர் பியோ டெல் ரியோ ஓர்டேகா. 1919-இல் அவர் இதனைத் தனி வகை உயிரணுவாக விவரித்தார்.

மூளையின் நரம்பணுக்கள் தோன்றும் மூலத்திலிருந்து மைக்ரோகிளியா தோன்றுவதில்லை. இரத்த வெள்ளணுக்களைப் போல எலும்பு மச்சையிலிருந்தும் இவை வருவதில்லை. கருவின் தொடக்க நாட்களில் கருவுணவுப் பையில் உருவாகும் முன்னோடி உயிரணுக்கள் மூளைக்குள் குடியேறி மைக்ரோகிளியாவாக மாறுகின்றன என்பதை எலிகளில் செய்யப்பட்ட ஆய்வு 2010-இல் நிறுவியது. அதாவது நரம்பிணைப்புகள் பெருமளவில் உருவாவதற்கு முன்பே இவை மூளையில் இடம்பிடித்துவிடுகின்றன.

தாக்குதல் இல்லாத வேளைகளில் இவை ஓய்ந்திருக்கும் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. உயிருள்ள எலிகளின் மூளையை 2005-இல் நேரடியாகப் படம்பிடித்தபோது, இவற்றின் மெல்லிய கிளைகள் இடைவிடாமல் நீண்டும் சுருங்கியும் சுற்றுப்புறத்தைத் தொட்டுப் பார்ப்பது தெரியவந்தது.

நரம்பிணைப்புகளைக் கலைத்தல்

இரு நரம்பணுக்கள் செய்தி பரிமாறிக்கொள்ளும் இடமே சினாப்ஸ் எனப்படும் நரம்பிணைப்பு. குழந்தையின் மூளை தேவைக்கு மிகுதியாக இவற்றை உருவாக்குகிறது. மனித மூளையின் முன்மடல் புறணியில் ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் நரம்பிணைப்புகளின் அடர்த்தி உச்சத்தை எட்டுகிறது என்றும், அது வயது வந்தோரைவிடச் சுமார் 50 விழுக்காடு கூடுதல் என்றும் பீட்டர் அட்டன்லாக்கர் 1979-இல் காட்டினார். பதின்பருவத்துக்குள் அந்த மிகை படிப்படியாகக் குறைகிறது. உழவர்கள் நெருக்கமாக முளைத்த நாற்றுகளில் நலிந்தவற்றைப் பிடுங்கி, மற்றவை செழிக்க இடம் விடுவதைப் ‘பயிர் கலைத்தல்’ என்பர். மூளையில் நடப்பதும் அதைப் போன்றதே.

நீக்க வேண்டியதை அடையாளம் காட்டுவதில் நிரப்புப் புரதங்கள் உதவுகின்றன. இரத்தத்தில் இவை கிருமிகளின் மேல் ஒட்டி, ‘இதை விழுங்கு’ என்று பிற உயிரணுக்களுக்குக் குறி காட்டுபவை. சி1கியூ, சி3 ஆகிய நிரப்புப் புரதங்கள் வளரும் மூளையின் நரம்பிணைப்புகளிலும் படிகின்றன என்று பெத் ஸ்டீவன்ஸ், பென் பாரெஸ் குழுவினர் 2007-இல் கண்டறிந்தனர். எலிக்குட்டியில் இரு கண்களிலிருந்தும் வரும் நரம்பிழைகள் மூளையின் பார்வை நிலையத்தில் முதலில் கலந்து கிடக்கும். பின்னர் அவை தனித்தனியே பிரியும். அப்போது செயல்பாடு குறைந்த இழைகளின் முனைகளை மைக்ரோகிளியா விழுங்குவதை 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இதற்கு எதிரான குறியும் உண்டு. சிடி47 என்னும் புரதத்தைத் தாங்கிய நரம்பிணைப்புகள் விழுங்கப்படாமல் காக்கப்படுகின்றன.

நீக்குவது மட்டுமே மைக்ரோகிளியாவின் பணி அன்று. நரம்பணுக்களின் வளர்ச்சிக்கு உதவும் புரதத்தைச் சுரந்து, கற்றலின்போது புதிய நரம்பிணைப்புகள் உருவாகவும் இவை துணைபுரிகின்றன. இரத்தத்தின் டி அணுக்களுக்கும் இதில் பங்குண்டு. ஒரு வகை டி அணுக்கள் இல்லாத எலிகளில் மைக்ரோகிளியா முதிர்ச்சியடையாமல் நின்றுவிடுவதும், முதிராத நரம்பிணைப்புகள் மிகுந்திருப்பதும் 2020-இல் தெரியவந்தன.

பணி பிறழும்போது

கலைத்தல் குறைந்தாலும் மிகுந்தாலும் சிக்கலே. நரம்பணுக்களிடமிருந்து வரும் ஒரு சைகையைப் பெற இயலாத மைக்ரோகிளியா கொண்ட எலிகளில், மிகையான நரம்பிணைப்புகள் உரிய காலத்தில் நீங்கவில்லை. அவற்றின் மூளைப் பகுதிகளுக்கு இடையேயான தொடர்பும் பிற எலிகளோடு பழகும் இயல்பும் குன்றியிருந்தன.

மறுபுறம், ஏறத்தாழ 65,000 பேரின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வு, சி4 என்னும் நிரப்புப் புரதத்தை மிகுதியாக உருவாக்கும் மரபணு வடிவங்கள் மனச்சிதைவு நோயின் அபாயத்தைச் சற்று உயர்த்துவதாகக் காட்டியது. மனச்சிதைவு பெரும்பாலும் பதின்பருவத்தின் இறுதியிலும் இளமையிலும் வெளிப்படுவதால், அப்பருவத்தில் கலைத்தல் அளவு மீறுகிறது என்ற கருதுகோளுக்கு இது வலுச் சேர்த்தது. அல்சைமர் நோயின் எலி மாதிரிகளில் இதே புரத அமைப்பு மீண்டும் விழித்து, நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் பகுதியில் நரம்பிணைப்புகளை அழிப்பதும் அதே ஆண்டு கண்டறியப்பட்டது.

கருவுற்ற எலியின் நோயெதிர்ப்பைக் கடுமையாகத் தூண்டினால் குட்டிகளின் மைக்ரோகிளியாவும் நடத்தையும் மாறுகின்றன. மனிதரில் கர்ப்பகாலக் கடுந்தொற்றுக்கும் பிள்ளைகளின் வளர்ச்சிக் கோளாறுகளுக்கும் இடையே புள்ளியியல் தொடர்பு மட்டுமே காணப்படுகிறது. காய்ச்சல் கண்ட தாய்மார்களின் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் இயல்பாகவே வளர்கின்றனர். எனவே ஒரு குழந்தையின் ஆட்டிசத்துக்குத் தாயின் காய்ச்சலைக் காரணமாகச் சுட்டுவதற்கு அறிவியலில் இடமில்லை. கர்ப்பகாலக் காய்ச்சலுக்கு உடனே மருத்துவம் பெறுவதும், மருத்துவர் பரிந்துரைக்கும் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வதும் போதிய கவனமாகும்.

மனித மூளையும் சென்னை ஆய்வும்

மேற்கண்ட சான்றுகளில் பெரும்பாலானவை எலிகளிலிருந்து கிடைத்தவை. எலியின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 20 நாட்கள். மனிதக் கருவின் மூளை ஒன்பது மாதங்கள் கருப்பையிலும் அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வளர்கிறது. மைக்ரோகிளியா இன்றியும் மூளையின் சில பகுதிகளில் நரம்பிணைப்புகள் இயல்பாக அமைகின்றன என்று அண்மை எலி ஆய்வுகள் தெரிவிப்பதால், எந்தப் பகுதியில், எந்தக் காலத்தில் இவை இன்றியமையாதவை என்பதே இன்றைய கேள்வி. அதற்கு விடை காண மனிதக் கருமூளையின் வளர்ச்சி வரைபடம் தேவை.

அத்தகைய வரைபடம் ஒன்று சென்னையில் உருவாகியுள்ளது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2022-இல் தொடங்கப்பட்ட சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், இரண்டாம் மும்மாதக் கருமூளைகளின் 5,132 வெட்டுகளை உயிரணு அளவில் எண்ணிமப்படுத்தி, ‘தரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டது. சென்னையின் மெடிஸ்கேன் நிறுவனமும், பூந்தமல்லிக்கு மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்டலத்தில் உள்ள சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இதில் மருத்துவத் துணையாக இருந்தன. உலக ஆய்வாளர்கள் எவரும் கட்டணமின்றி இதனைப் பயன்படுத்தலாம்.

தரணி மைக்ரோகிளியாவுக்கென்றே உருவாக்கப்பட்டதன்று. ஆயினும் மனிதக் கருமூளையின் எந்த அடுக்கு எந்த வாரத்தில் எவ்வாறு அமைந்துள்ளது என்பதை இது காட்டுகிறது. எலிகளில் கண்டறிந்த நிகழ்வுகளை மனித வளர்ச்சியின் காலவரிசையோடு ஒப்பிட இத்தகைய தரவு அடிப்படையாகும்.